கட்டுபடியாகும் ஆர்டர் எது?

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர், நத்தம், வத்தலக்குண்டு, பழனி என்று எந்தச் சாலையில் போனாலும் சீக்கிரமே ஒரு நூற்பாலை கண்ணில் படும். பஞ்சு விலை, மின்கட்டணம், வங்கி வட்டி பற்றி இந்த ஆலைக்காரர்கள் சங்கக் கூட்டங்களில் நிறையப் பேசுகிறார்கள். மூன்றும் அவர்கள் கையில் இல்லாதவை. அவர்கள் கையில் முழுதாக இருக்கும் முடிவு ஒன்று உண்டு: வந்து நிற்கும் ஆர்டர்களில் எதை ஏற்பது, எதை முதலில் ஓட்டுவது, எதை வேண்டாம் என்பது. இதைப் பற்றிய பேச்சு குறைவு. பெரும்பாலும் பழக்கத்தின்படியோ, அன்றைய போன் அழைப்பின் அவசரத்தின்படியோ அது நடந்துவிடுகிறது. ஒரு மில் பிழைப்பதும் மூழ்குவதும் பஞ்சு விலையால் மட்டும் தீர்மானமாவதில்லை என்று நான் கருதுவதால், இந்த முடிவுக்கு எந்த அளவுகோல் சரி என்று கணக்கோடு பார்க்க விரும்புகிறேன்.

வழக்கத்தில் இருப்பது கிலோ கணக்கு. நூல் விலையிலிருந்து பஞ்சு, வேஸ்ட், கோன், பேக்கிங், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் கழித்து, கிலோவுக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். அதிகம் நிற்பது நல்ல ஆர்டர். நூல் கிலோவில் விற்பதால் இந்தக் கணக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் ஆலையில் அரிதானது ஸ்பிண்டில், அதாவது நூற்கும் கதிர், ஓடும் நேரம். மில்லில் இருக்கும் கதிர்கள் இத்தனை, நாளுக்கு மூன்று ஷிஃப்ட். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வாங்க முடியாது. அந்த நேரத்தை எல்லா நூலும் ஒரே அளவில் தின்பதில்லை.

நூல் மெலிய மெலிய, அதாவது கவுண்ட் என்னும் நம்பர் ஏற ஏற, ஒரு கிலோவில் அடங்கும் நீளம் கூடுகிறது. மெல்லிய நூலுக்கு முறுக்கும் அதிகம் வேண்டும். முறுக்கு கவுண்ட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறும். இரண்டும் சேர்ந்து, ஒரு ஸ்பிண்டில் தரும் எடை கவுண்ட் ஏறும் வேகத்தைவிட வேகமாக இறங்குகிறது. நிமிடத்துக்கு 18,000 சுற்றில் ஓடும் ரிங் ஃபிரேமில் எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 40-ஆம் நம்பர் நூல் ஸ்பிண்டில் ஒன்றுக்குச் சுமார் 120 கிராம் வரும். அதே வேகத்தில் 60-ஆம் நம்பர் சுமார் 65 கிராம்தான்.

கணக்குக்காக விலைகளை வைத்துக்கொள்வோம். 40-ஆம் நம்பரில் கிலோவுக்கு 90 ரூபாய் நிற்கிறது, 60-ஆம் நம்பரில் 140 ரூபாய். கிலோ கணக்குப் பார்ப்பவர் யோசிக்காமல் 60-ஐ எடுப்பார். ஸ்பிண்டில் கணக்கில் பாருங்கள். 40-ஆம் நம்பர் ஒரு ஷிஃப்டுக்கு ஸ்பிண்டிலுக்கு 10 ரூபாய் 80 காசு தருகிறது, 60-ஆம் நம்பர் 9 ரூபாய் 10 காசு. மூன்று ஷிஃப்டுக்கு வித்தியாசம் 5 ரூபாய் 10 காசு. இருபதாயிரம் ஸ்பிண்டில் உள்ள ஆலையில் அது நாளொன்றுக்கு ஒரு லட்சத்து இரண்டாயிரம் ரூபாய், மாதத்துக்கு முப்பது லட்சத்துக்கு மேல். கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டே ஒரு மில் மாதம் முப்பது லட்சத்தை விட்டுவிட முடியும். கணக்குப் புத்தகத்தில் இது நஷ்டம் என்று எங்கும் பதிவாகாது. வராமல் போன பணத்துக்குக் கணக்குத் தலைப்பு கிடையாது.

இந்தச் சிந்தனை புதியதல்ல. கோவையில் 1956-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா பல பத்தாண்டுகளாக ஆலைகளின் செலவையும் உற்பத்தியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு வருகிறது. ஸ்பிண்டிலை அலகாகக் கொண்டு பார்க்கும் பழக்கம் நம் ஆலைத் தொழில்நுட்பர்களுக்கு நன்றாகத் தெரியும். இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாகு கோல்ட்ராட் 1984-இல் ‘தி கோல்’ நாவலில் இதே கருத்தை எல்லாத் தொழில்களுக்குமாக விரித்தார்: எது அரிதோ, அதன் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எவ்வளவு பணம் வருகிறது என்று கேள். பின்னால் வந்த விநியோகச் சங்கிலி மென்பொருள்கள் ஆர்டருக்கு வாக்குக் கொடுப்பதை மூன்று படிகளாகப் பிரித்தன. கையிருப்பைப் பார்த்துக் கொடுக்கும் வாக்கு, உற்பத்தித் திறனைப் பார்த்துக் கொடுக்கும் வாக்கு, இலாபத்தைப் பார்த்துக் கொடுக்கும் வாக்கு. மூன்றாவதே உயர்ந்தது என்று அவை சொல்லும். ஆனால் தொழில்நுட்பருக்குத் தெரிந்தது விற்பனை மேசைக்கு வந்து சேர்வதில்லை. ஏஜென்ட்டின் கமிஷன் விற்ற மதிப்பைப் பொறுத்தது. அவருக்கு ஸ்பிண்டில் கணக்குப் பார்க்கக் காரணமே இல்லை. ஆர்டரைக் கொண்டு வருபவருக்கும் அதை ஓட்டுபவருக்கும் அளவுகோல் வேறாக இருக்கும் ஆலையில் எந்த மென்பொருளை வாங்கினாலும் தவறான எண்தான் உள்ளே போகும்.

ஸ்பிண்டில் கணக்கிலும் இரண்டு திருத்தங்கள் செய்தாக வேண்டும். முதலாவது, ஆர்டரின் அளவு. ஒரு ஃபிரேமில் கவுண்ட் மாற்ற நான்கு மணி நேரம் நின்றால், 1,200 ஸ்பிண்டில் ஃபிரேமில் நம் கணக்குப்படி சுமார் 6,480 ரூபாய் போகிறது. இரண்டு டன் ஆர்டரில் அது கிலோவுக்கு 3 ரூபாய் 24 காசு, இருபது டன்னில் 32 காசு. மாற்றங்கள் அடிக்கடி நடந்தால் லாட் கலந்துபோகும் அபாயமும் கூடும். இரண்டு லாட் நூல் ஒரே துணியில் சேர்ந்தால் சாயம் போட்டபின் பட்டை விழும், துணி திரும்பும், டெபிட் நோட் வரும். சின்ன ஆர்டரை ஏற்கலாம், ஆனால் அதன் விலையில் இது இருக்க வேண்டும். இரண்டு டன் கேட்பவருக்கும் இருபது டன் கேட்பவருக்கும் ஒரே விலை சொல்லும் ஆலை, பெரிய வாடிக்கையாளரிடம் வாங்கிச் சின்னவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, கடன் நாள். 250 ரூபாய் நூலை 60 நாள் கடனுக்குக் கொடுத்தால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கிலோவுக்கு ஏறத்தாழ 5 ரூபாய் போகிறது. மேலே சொன்ன 40-ஆம் நம்பர் ஆர்டர், ரொக்கத்துக்குப் போகும் 60-ஆம் நம்பரிடம் தோற்க வேண்டுமானால் கடன் 170 நாளைத் தாண்ட வேண்டும். வட்டி மட்டும் என்றால் பயமில்லை. உண்மையான ஆபத்து, பணம் வராமலே போவது. ஒரு கிலோ நூல் மூழ்கினால் அதை ஈடுகட்ட, கிலோவுக்கு எல்லாச் செலவும் போக ஐந்து ரூபாய் இலாபம் பார்க்கும் ஆலை ஐம்பது கிலோ விற்க வேண்டும். அதனால் வராக்கடன் பழக்கமுள்ளவரின் ஆர்டர் ஸ்பிண்டில் கணக்கில் எவ்வளவு மேலே நின்றாலும், அதை வேண்டாம் என்பதே சரி. இங்கே எண்களை விட ஆளைத் தெரிந்திருப்பது பெரிது.

இதுவரை சொன்னதெல்லாம் ஆலை முழுதாக ஓடுகிறது என்ற அனுமானத்தில்தான் நிற்கிறது. அந்த அனுமானம் உடையும்போது அளவுகோலும் உடைகிறது. ஸ்பிண்டில் கணக்கைப் பாராட்டுபவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

2023-ஐ எடுத்துக்கொள்வோம். நூலுக்குத் தேவை இல்லை. ஜூலை 15 முதல் உற்பத்தியை நிறுத்துவதாகச் சிறு, நடுத்தர நூற்பாலைகளின் சங்கங்கள் அறிவித்தன. கிலோவுக்கு இவ்வளவு நஷ்டம் என்று அப்போது சொல்லப்பட்ட எண்களில் தேய்மானமும் கடன் வட்டியும் அடக்கம். ஆலையை நிறுத்தினால் இவை நிற்காது. மின்சாரத்திலும் ஒரு பகுதி நிற்காது. 2022 செப்டம்பரில் உயர் அழுத்த இணைப்புக்கான டிமாண்ட் கட்டணம் கேவிஏ-வுக்கு 350-லிருந்து 550 ரூபாயாக ஏறியது. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஒப்புக்கொண்ட அளவில் 90 சதவீதத்துக்குக் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்தில், ஆயிரம் கேவிஏ வாங்கி வைத்திருந்த ஆலைக்கு, ஒரு ஸ்பிண்டில் சுழலாவிட்டாலும், மாதம் 4 லட்சத்து 95 ஆயிரம். பழைய கட்டணத்தில் அது 3 லட்சத்து 15 ஆயிரம். ஆகவே சும்மா நிற்பதன் செலவு அந்த ஒரே உத்தரவில் ஏறிவிட்டது. அப்படிப்பட்ட காலத்தில், பஞ்சுக்கும் ஓட்டும் யூனிட்டுக்கும் அன்றைய கூலிக்கும் போக ஏதாவது நிற்கும் ஆர்டர் எதுவானாலும், முழுக் கணக்கில் நஷ்டமாகத் தெரிந்தாலும், நிறுத்துவதைவிட மேல்.

ஆனால் இந்த வாதத்தையும் முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. நின்ற ஆலையில் ஸ்பிண்டில் அரிதல்ல, நடப்பு மூலதனம் அரிது. ‘மெஷின் நிற்கக் கூடாது’ என்று எல்லா ஆர்டரையும் எடுத்து, கடனுக்குக் கொடுத்து, பஞ்சு வாங்கக் காசில்லாமல் நின்ற ஆலை இரண்டு தரப்பிலும் தோற்றது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி, போட்ட ஒரு ரூபாய் எத்தனை நாளில் எத்தனை காசோடு திரும்பி வருகிறது என்பது. ஆர்டர்கள் அதேதான், வரிசை தலைகீழாகும். 30 நாளில் பணம் தரும் குறைந்த விலைக்காரர் மேலே வருவார். 90 நாள் கேட்கும் நல்ல விலைக்காரர் கீழே போவார். எது அரிது என்பதை ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கேட்காத அளவுகோல், நல்ல காலத்தில் கற்ற பாடத்தைக் கெட்ட காலத்திலும் ஒப்பிக்கும்.

இதே கேள்வி மாவட்டத்தின் மற்றத் தொழில்களிலும் வேறு வேறு விடை தருகிறது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கேரளத்துக்குப் போகும் லாரி புறப்படும் நேரம்தான் அரிது. அதைத் தவறவிட்ட தக்காளிக்கு விலை பாதி. திண்டுக்கல் பூட்டில் அரிதானது கைத்தேர்ச்சியுள்ள ஆள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததால் கேட்பவர்கள் கூடலாம், மாங்காய்ப் பூட்டு செய்யத் தெரிந்த கைகள் அதனால் கூடிவிடாது. அலிகார் விலைக்குப் போட்டியாக ஆயிரம் மலிவுப் பூட்டுக்கு ஆர்டர் எடுத்து அந்த ஆளை அதில் உட்கார வைப்பது, கோயில் கதவுக்கான பூட்டைக் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புவதாகும். திண்டுக்கல் பூட்டுக்கு அது நல்ல கணக்கு அல்ல.

நூலுக்குத் திரும்புவோம். ஆர்டரைத் தனித்தனியாக எடைபோடும் முறை எங்கே தோற்கிறது என்பதை 2021-22 காட்டியது. பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, 2021 தொடக்கத்தில் ஐம்பதாயிரத்துக்குக் கீழே இருந்தது. 2022 மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. மாத முதல் நாளில் நூல் விலையை அறிவிப்பது மில்களின் வழக்கம். 2021 நவம்பரில் ஒரே தடவையில் கிலோவுக்கு 50 ரூபாய் ஏற்றினார்கள், 2022 மே மாதம் 40 ரூபாய். திருப்பூர் மே 16, 17 தேதிகளில் கடையடைத்தது. மில்கள் கொள்ளையடிக்கின்றன, நூலை ஏற்றுமதிக்குத் திருப்புகின்றன என்பது அங்கே எழுந்த குற்றச்சாட்டு.

கொள்ளை என்ற சொல்லைக் கணக்கு ஆதரிக்கவில்லை. கேண்டிக்கு ஐம்பதாயிரம் ஏறினால் கிலோ பஞ்சுக்கு 140 ரூபாய் ஏறுகிறது. ஒரு கிலோ நூலுக்கு வேஸ்ட் சேர்த்து 1.2 கிலோ பஞ்சு என்றால் 168 ரூபாய். நூல் விலை ஏற்றத்தின் பெரும்பகுதி பஞ்சிலிருந்து வந்ததே. ஆனால் திருப்பூரின் குறை வேறு இடத்தில் நியாயமானது. அங்குள்ள ஏற்றுமதியாளர் வெளிநாட்டு வாங்குநருக்கு டாலரில் விலை சொல்லி, மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் சரக்கு அனுப்புகிறார். அவர் விலை அன்றே உறைந்துவிட்டது. அவருக்கு நூல் தரும் மில்லோ மாதா மாதம் விலையைத் திறந்து வைத்திருக்கிறது. பஞ்சின் ஏற்ற இறக்கம் முழுவதும் தாங்க முடியாதவர் தலையில் இறங்குகிறது. விலை சொல்லாமல் ‘நூல் உண்டு’ என்பதை ஆர்டர் ஏற்பு என்று நான் ஏற்க மாட்டேன்.

ஏற்றுமதிக்குத் திருப்புவது சரியா என்பதற்கு அதற்கு முந்தைய அனுபவமே பதில். 2010 டிசம்பரில் மத்திய அரசு நூல் ஏற்றுமதிக்கு 720 மில்லியன் கிலோ என்று வரம்பு கட்டியது. அடுத்த மாதம், 2011 ஜனவரி இறுதியில், நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. வெளிநாட்டுக் கதவும் உள்ளூர்க் கதவும் இரண்டு மாதத்துக்குள் அடைபட்டன. விலையுயர்ந்த பஞ்சு கிடங்கில் இருக்க, நூல் விலை சரிந்தது. 2011 மே மாதம் ஆலைகள் உற்பத்தியைக் குறைக்கும் நிலைக்கு வந்தன. அந்த ஆண்டு ஏற்றுமதி மட்டும் பார்த்தவரும் அடிபட்டார், திருப்பூரை மட்டும் நம்பியவரும் அடிபட்டார். 2022-23-இல் நூல் ஏற்றுமதி பெரிதும் சரிந்தபோது மில்கள் மீண்டும் திருப்பூர்ப் பக்கம்தான் திரும்ப வேண்டியிருந்தது.

எனவே ஒவ்வொரு ஆர்டரையும் அன்றைய இலாபத்தில் வரிசைப்படுத்தி, மேலிருந்து நிரப்பிக்கொண்டு வருவது கணக்கில் சரியாகவும் தொழிலில் தவறாகவும் இருக்கக்கூடும். ஸ்பிண்டில்களில் ஒரு பங்கை, பாதி என்றே வைத்துக்கொள்ளலாம், நிலையான வாடிக்கையாளர்களுக்கு மூன்று மாத நிலைவிலையில் ஒதுக்க வேண்டும். அந்த விலையை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே அதற்கான பஞ்சையும் வாங்கிவிட வேண்டும். தமிழ்நாட்டு ஆலைகள் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து பஞ்சை எப்படியும் சீசனில் வாங்கி இருப்பு வைக்கின்றன. ஆர்டர் இல்லாமல் வாங்கி வைப்பது பஞ்சில் சூதாடுவது, ஆர்டரோடு சேர்த்து வாங்குவது நூற்பு. மீதிப் பாதியில் ஸ்பிண்டில் கணக்கு தாராளமாக ஆளட்டும். நல்ல மாதங்களில் இதனால் கொஞ்சம் இலாபம் குறையும். 2011-ஐயும் 2023-ஐயும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் குறைவு காப்பீட்டுத் தொகைதான்.

இன்னொரு செலவு எந்த அளவுகோலிலும் ஏறுவதில்லை. அவசர ஆர்டர் வரும்போது நேரத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள்? ஸ்பிண்டில் ஏற்கெனவே இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது, தையல் ஆலையிலோ லைன் நிரம்பியிருக்கிறது. ஆளிடமிருந்துதான் எடுக்கிறார்கள்: இரட்டை ஷிஃப்ட், போகாத வார விடுமுறை, எட்ட முடியாத டார்கெட், டார்கெட்டுக்காக வசை. விடுதியில் தங்கிய பெண்களால் ஓடும் ஆலைகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் இதைத் தனியாக எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். 2021 ஜனவரியில் வேடசந்தூர்ப் பக்கத்து நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அதன் பிறகு எழுந்த போராட்டத்தின் விளைவாக 2022 ஏப்ரலில், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச் அண்ட் எம் நிறுவனமும் கையெழுத்திட்ட ஏற்பாடு உலகில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே அறியப்படுகிறது. கேப், பிவிஎச் நிறுவனங்களும் பின்னர் சேர்ந்தன. பாலியல் துன்புறுத்தலையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க ஆலைத் தளத்திலேயே தொழிலாளர் கண்காணிப்பாளர்கள். மீறினால் வாங்குநர் ஆர்டரில் கைவைக்கக் கட்டுப்பட்டவர். ஆர்டருக்கும் வேலைத்தளத்துக்கும் சட்டப் பிணைப்பு ஏற்பட்டது இப்படித்தான்.

அதே ஆண்டு ஜூலை இறுதியில், கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருந்ததாகக் கூறி, அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் சரக்கைத் துறைமுகங்களில் நிறுத்தி வைக்க ஆணையிட்டது. நிலைமை சீரானதாகச் செப்டம்பர் தொடக்கத்தில் ஆணையை விலக்கியது. சில வாரம்தான். ஆனால் சீசன் ஆர்டரில் சில வாரம் என்பது முழு ஆர்டர். இதை இலாபக் காரணமாகச் சொல்லித்தான் தொழிலாளரை மதிக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. காரணம் இல்லாமலே மதிக்க வேண்டும். ஆனால் ‘இதெல்லாம் கணக்கில் வராத விஷயம்’ என்று சொல்பவருக்கு, வரும் என்று காட்டிவிட்டது 2022. சட்டப்படியான ஷிஃப்டுக்குள் முடிக்க முடியாத தேதியைக் கேட்கும் ஆர்டரை, ஸ்பிண்டிலுக்கு எத்தனை ரூபாய் தந்தாலும், வரிசையில் சேர்க்கவே கூடாது. கழிக்க வேண்டிய செலவாக அதை எண்ணினால், அதற்கு ஈடான விலை ஒன்று உண்டென்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

என் தீர்ப்பு இது. கிலோ கணக்கைக் கைவிட வேண்டும், அதற்கு ஆதரவாக ஒரு வாதமும் மிஞ்சவில்லை. ஆலை முழுதாக ஓடும் மாதங்களில் ஸ்பிண்டில் கணக்கு சரி. தேவை விழுந்த மாதங்களில் பணம் திரும்பும் நாள் கணக்கு சரி. இரண்டுக்கும் முன்னால் நிலைவிலை ஒதுக்கீடும் வேலை நேர வரம்பும் நிற்க வேண்டும். ஐம்பதாயிரம் ஸ்பிண்டில்களும் பல கவுண்ட்களும் உள்ள பெரிய ஆலை இதை நாளையே தொடங்கலாம், தொடங்காததற்குச் சாக்கு இல்லை.

ஆறாயிரம் ஸ்பிண்டிலில் ஒரே கவுண்ட் ஓட்டும் சிறு ஆலைக்காரரின் நிலை வேறு. அவருக்குக் கவுண்ட் தேர்வு இல்லை, வாங்குநர் தேர்வுதான் உண்டு. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரிப் பிரிவு 43பி(எச்), குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராத வாங்குநர் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாமல் செய்கிறது. ஆண்டு முடிவில் மட்டும் கடிக்கும் விதி என்றாலும், பேரம் பேசச் சிறு ஆலைக்கு அரசு கொடுத்த ஆயுதங்களில் இதுவும் ஒன்று. வாங்குநர் கோபித்துக்கொள்வார் என்று அதைப் பேசாமல் விடும் சிறு ஆலைக்காரர்கள் பலர். ஆர்டர் பேசும் முதல் நிமிடத்திலேயே, விலைக்கு முன்பே, பணம் வரும் தேதியைப் பேசி எழுதி வாங்குவது அவர்களுக்கு ஸ்பிண்டில் கணக்கை விடப் பெரிய வருமானம். தேதி எழுதித் தர மறுப்பவரின் ஆர்டரை, ஃபிரேம் நின்றாலும், அவர்கள் விட்டுவிட வேண்டும்.